எழுதாமல் விட்ட கட்டம்

நம் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் ஒன்றை அறிவர். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்குகின்றன. மன்னன் வென்ற நாடுகளும் பெற்ற புகழும் செய்யுள் நடையில் அணிவகுத்து வரும். அது முடிந்ததும் நடை மாறிவிடும். நிலத்தின் நான்கு எல்லை, அளவு, இறை, சாட்சிகளின் பெயர் என வறண்ட செய்திகள் தொடரும். மன்னன் எவ்வாறு நினைக்கப்பட விரும்பினான் என்பதை முற்பகுதி சொல்கிறது. அக்கால மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய நாம் பிற்பகுதிக்கே செல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வாறு ஒரு மெய்க்கீர்த்தி உண்டு. பாட்டி பேரனுக்குச் சொல்லும் கதை அது. அதன் கீழே, குடும்பத்தார் அறியாமலே எவரோ எழுதி வைத்த பேரேட்டு வரிகளும் உண்டு. இவ்விரண்டும் முரண்படும்போது பின்வந்தவரின் கடமை யாது? முன்னோரிடத்து நாம் கொண்ட அன்பு, அவர்களைப் பற்றிய உண்மையை மூடி வைக்கச் சொல்கிறதா? இவ்வினாவை நம் வீட்டிலிருந்து தொடங்கினால் நமக்கு நடுநிலை வாய்ப்பது அரிது. ஆகவே, தொலைவில் உள்ள ஓர் உழவர் குடும்பத்தின் தடத்தைப் பின்பற்றிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்லஸ் இங்கல்ஸ் என்பாரின் குடும்பம் அது. அவர் 1836-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1860-இல் விஸ்கான்சினில் கரோலின் குவைனரை மணந்தார். இவ்விரு குடும்பங்களுக்கிடையே மூன்று திருமணங்கள் நடந்தன. அண்ணன் தம்பியரும் அக்கா தங்கையரும் கொண்டும் கொடுத்தும் உறவாயினர் என்றால் நமக்கு எளிதில் விளங்கும். இத்தம்பதியரின் இரண்டாம் மகள் லாரா, 1867-இல் பிறந்தவர். முதுமையில், 1932 தொடங்கித் தம் இளமைக்கால வாழ்வைச் சிறுவர் நாவல்களாக எழுதி உலகப்புகழ் பெற்றார். 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' என்னும் நாவல் 1935-இல் வெளிவந்தது. இங்கல்ஸ் குடும்பத்தின் மெய்க்கீர்த்தி இந்நாவல் வரிசையே எனலாம்.

இனிப் பேரேடுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படுகிறது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கையாகவே இருந்தனர். 1850 முதல் சுதந்திர மக்கள் அனைவர் பெயரும் எழுதப்பட்டது. அடிமைகளாக வைக்கப்பட்டோர் அப்போதும், 1860-இலும், பெரும்பாலும் உடையவரின் பெயருக்குக் கீழ் வயதும் பாலுமாக மட்டுமே பதியப்பட்டனர். 1890-ஆம் ஆண்டுக் கணக்கின் தாள்களில் மிகப் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தின் விளைவாக அழிந்தது. குடும்பத்தைத் தேடிச் செல்வோர்க்கு 1880-க்கும் 1900-க்கும் இடையே இருபதாண்டு இருளாகவே கிடக்கிறது.

இக்கணக்குகளுள் ஒன்றேனும் பேரப்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதன்று. சட்டமன்ற இடங்களைப் பங்கிடவும் நாட்டின் செல்வத்தை மதிப்பிடவும் அரசு எழுதி வைத்தது. நிலப்பதிவும் அத்தகையதே. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் நிலத்தில் குடியேறி, ஐந்தாண்டு வாழ்ந்து பயிர் செய்து காட்டினால், சிறு கட்டணத்துடன் அது குடியேறியவருக்கே உரியதாகும். அதற்குச் சாட்சிகளோடு சென்று, கட்டிய வீடு எத்தகையது, உழுத நிலம் எவ்வளவு, இடையே ஊரை விட்டு நீங்கிய காலம் எத்தனை என்பனவற்றுக்கெல்லாம் விடை எழுதித் தர வேண்டும். டகோட்டாவில் தெ ஸ்மெத் என்னும் ஊரருகே 1880-இல் பதிந்த நிலத்துக்குச் சார்லஸ் 1886-இல் இவ்வாறு உரிமை நிறுவினார். உடைமையை மெய்ப்பிக்க எழுதிய தாளே இன்று அவர் வாழ்க்கைக்குச் சான்றாகிவிட்டது.

நாவலையும் பேரேட்டையும் அருகருகே வைத்தால் என்ன தெரிகிறது? கான்சாஸ் பெருவெளியில் தாம் கண்டனவற்றை விவரம் தெரிந்த சிறுமியாக நாவலில் லாரா சொல்கிறார். உண்மையில் அங்கிருந்தபோது அவருக்கு வயது இரண்டிலிருந்து நான்குக்குள். அவர் 'நினைவு' என்று எழுதியதில் பெரும்பகுதி தாய் தந்தையர் சொல்லக் கேட்டதாகவே இருக்க வேண்டும். கைக்குழந்தையாக வண்டியில் உடன் வந்ததாக நாவல் காட்டும் தங்கை கேரி, கான்சாஸிலேயே 1870 ஆகஸ்ட் 3 அன்று பிறந்தவர் என்று குடும்ப விவிலியத்தின் ஏட்டுக் குறிப்பு சொல்கிறது. இண்டிபெண்டன்ஸ் என்னும் ஊர் நாற்பது மைல் தொலைவில் இருந்ததாக நாவல் கூறுகிறது. கணக்கெடுப்புத் தாளைக் கொண்டு பார்த்தால் ஏறத்தாழப் பதின்மூன்று மைல்தான். இவையெல்லாம் சிறு பிழைகள். இவற்றுக்காக எவரும் ஒரு கதையைக் குறை கூற மாட்டார்.

பிழையன்று, மௌனம் என்று சொல்லத்தக்க இடமும் உண்டு. 1875 நவம்பரில் இக்குடும்பத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பத்து மாதம்கூட நிறையாத நிலையில் 1876 ஆகஸ்டில் அது இறந்தது. வெட்டுக்கிளிப் படையெடுப்பால் பயிரழிந்து மின்னசோட்டாவை விட்டு அயோவாவுக்குச் செல்லும் வழியில், உறவினர் ஊரில் நேர்ந்த துயரம் அது. 1870-ஆம் ஆண்டுக் கணக்குக்குப் பின் பிறந்து 1880-ஆம் ஆண்டுக் கணக்குக்கு முன் மறைந்தமையால், நாடு தழுவிய கணக்கில் அக்குழந்தைக்கு வரியில்லை. நாவல்களிலும் இடமில்லை. அயோவாவில் குடும்பம் பட்ட வறுமையும், கடன் தீராமல் இரவோடிரவாகப் புறப்பட்டதும் அவ்வாறே விடுபட்டன. லாரா இவற்றை மறந்தவர் அல்லர். 2014 வரை அச்சேறாதிருந்த தம் வாழ்க்கைக் குறிப்பில் அனைத்தையும் எழுதி வைத்திருக்கிறார். சிறுவர்க்குச் சொல்ல மனம் வராத செய்திகள் அவை. இத்தகைய மௌனத்தை நாம் பொய் என்று சொல்லலாகாது.

1900, 1910 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்பில் தாய்மாரிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்பதே அது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான், வேறெங்கும் எழுதப்படாத எத்தனையோ குழந்தைகள் ஒளிந்திருக்கின்றன. கணக்குக் கேட்க வந்தவரின் முன் ஒரு தாய் அந்த இரண்டாம் எண்ணைச் சொன்ன கணத்தை எண்ணிப் பார்த்தால், வறண்ட பேரேடும் நெஞ்சைத் தொடுகிறது.

ஆயினும் இக்குடும்பத்தின் தடத்தில் நம்மை உறுத்தி நிற்பது மற்றொரு கட்டம். 1870-ஆம் ஆண்டுக் கணக்கில், கான்சாஸின் மாண்ட்கோமரி வட்டத்தில் இங்கல்ஸ் குடும்பம் பதியப்பட்டுள்ளது. அருகிலேயே ஜார்ஜ் டான் என்னும் கறுப்பின மருத்துவரின் பெயரும் உள்ளது. மலேரியாக் காய்ச்சலில் குடும்பமே படுத்தபோது காப்பாற்றியதாக நாவலில் வரும் மருத்துவர் கற்பனை மாந்தர் அல்லர் என்று அத்தாள் நமக்குக் காட்டுகிறது. அதே தாளில் நிலத்தின் மதிப்பை எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்நிலம் ஓசேஜ் தொல்குடியினருக்கு உரியது, குடியேறியவர்க்கு அதில் உரிமை இல்லை என்ற பொருள்படக் கணக்கெடுப்பாளர் காரணமும் குறித்திருக்கிறார்.

நிலத்துக்கு உரியவர்களோ, வரி செலுத்தாத தொல்குடியினர் என்ற வகையில் அந்தக் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. உரிமையற்றவர் பெயரோடு நிற்க, உரியவர் பெயரின்றி மறைந்த விந்தையை அந்த ஒரு தாளில் காண்கிறோம். அதே ஆண்டு சூலையில் ஓசேஜ் மக்களை அப்புறப்படுத்த வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. செப்டம்பரில் அவர்கள் இசைய நேர்ந்தது. தங்கள் நிலம் விற்ற பணத்தைக் கொண்டே, இன்றைய ஒக்லஹோமாவில் வேறு நிலம் வாங்கிக் குடிபெயர்ந்தனர். அரசு படையை அனுப்பி வெளியேற்றப் போகிறது என்று அஞ்சித் தந்தை ஊரை விட்டதாக நாவல் சொல்கிறது. உண்மையில் சட்டம் குடியேறியவர் பக்கமே சாய்ந்திருந்தது. விஸ்கான்சினில் அவர்களது நிலத்தை வாங்கியவர் பணம் கட்ட இயலாமற் போனமையே 1871-இல் அவர்கள் திரும்பியதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

அந்தப் பெருவெளியில் தொல்குடியினர் மட்டுமே இருந்தனர், மனிதர் எவரும் இல்லை என்று பொருள்படும் ஒரு வாக்கியமும் நாவலில் இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின்னர், 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்' என்ற சொல் 'குடியேறியவர்' என்று மாற்றப்பட்டது. 2018-இல், லாராவின் பெயரால் வழங்கப்பட்டு வந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரையும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு மாற்றியது. அது சரியா தவறா என்று அந்நாட்டில் வழக்காடினர்.

நாம் காண்பது யாதெனில், இத்தகைய இடத்தில் வழிகள் இரண்டே எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். 'அக்காலம் அப்படி' என்று மூடிவிடுவது ஒன்று. குடும்பத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மற்றொன்று. இரண்டும் நம் மனத்துக்கு ஓய்வு தருவன, அதனாலேயே ஐயத்துக்குரியன. அக்காலமும் அப்படியே முழுதும் குருடாக இருக்கவில்லை. 'இது ஓசேஜ் நிலம்' என்று எழுதிய கணக்கெடுப்பாளரும் அக்காலத்தவர்தாமே? மறுபுறம், காய்ச்சலில் கிடந்து, கடனில் உழன்று, மகனைப் புதைத்துவிட்டு மீண்டும் வண்டி பூட்டிய தம்பதியரின் துயரமும் பொய்யன்று. பாடுபட்டவர் பிறர்க்குத் தீங்கு செய்திருக்க மாட்டார் என்று எண்ணுவது நம் ஆசை. தீங்கில் பங்குகொண்டவர் பாடுபட்டிருக்க மாட்டார் என்று எண்ணுவதும் ஆசையே. ஒரே தாளில் இரண்டும் உண்டு. முன்னோரின் பழி பின்வந்தோரைச் சேராது. அப்பழியை அறிந்தும் மறைத்தால், அந்த மறைப்பு நம்முடையதாகிறது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. சார்லஸ், கரோலின் இருவருக்கும் இன்று நேர் வழித்தோன்றல் எவரும் இல்லை. மகள்களுள் லாராவுக்கு மட்டுமே பிள்ளை வளர்ந்து ஆளானது. அந்த மகள் ரோஸ் 1968-இல் மறைந்தபோது கால்வழி நின்றது. ஆயினும் இக்குடும்பத்தைத் தேடியவர் பலர். குருதியுறவு இல்லாதவரே பேரேடுகளைப் புரட்டி, பிழை திருத்தி, விடுபட்ட குழந்தையை மீட்டு, வெற்றுக் கட்டத்தையும் படித்துக் காட்டினர். முன்னோர்க்குச் செய்யும் கடன் குருதியால் மட்டும் வருவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறமொழி வழங்கும் நகரங்களில் வேர்கொண்ட நமக்கும் இதில் பாடம் உண்டு. நம் பிள்ளைகள் அறியும் ஊர் பெரிதும் நாம் சொல்லும் ஊரே. நம் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து நிற்கிறது. தாயின் தாய் பெயர் என்ன என்று கேட்டால் நம்மிற் பலர் விழிப்போம். 'ஊரில் நமக்கு நிலம் இருந்தது' என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், அந்நிலத்தை உழுதவரின் பெயர் என்னவென்று எந்தப் பேரன் கேட்டான்? கேட்டால் சொல்ல நமக்குத் தெரியுமா? நிலமே இல்லாமல் உழுதவர் வழியில் வந்த வீடுகளில், அந்த வறுமையைச் சொல்ல ஏன் நா எழவில்லை?

பெரியவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி வைப்போம். புகழை எழுதும்போது கடனையும், பிறப்பை எழுதும்போது இறந்த குழந்தையையும், நிலத்தை எழுதும்போது அதில் பாடுபட்டவரையும் சேர்த்தே எழுதுவோம். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாது, கட்டத்தை வெறுமையாகவே விட்டுக் காரணத்தைக் குறித்து வைப்போம். கான்சாஸ் கணக்கெடுப்பாளர் அதைத்தான் செய்தார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வரியை நாம் படிக்க முடிகிறது.