வேண்டும் என்ற சொல்

ஆங்கிலத்திலே கடமையைச் சொல்லும் சொற்கள் பல. 'மஸ்ட்' என்றால் தட்டமுடியாத கட்டாயம். 'ஷூட்' என்றால் செய்வது நல்லது என்னும் புத்திமதி. 'மே' என்றால் செய்யலாம் என்னும் அனுமதி. சட்டத்திலே 'ஷல்' என்று வந்தால் அது கட்டளை. 'மே' என்று வந்தால் அனுமதி மாத்திரம். கனடாவிலே இதற்கென்றே சட்டவிளக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. கணக்கியல் தொழிலில் உள்ளவர்களுக்கு இது அன்றாடப் பாடம். வருமான வரிச் சட்டத்திலே வருமானத்தைச் சேர்ப்பது 'ஷல்'. கழிவுகளைக் கழிப்பது பெரும்பாலும் 'மே'. கேளாமல் விட்டால் ஒருவரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

இச்சொற்களின் பாரத்தை இலங்கைத் தமிழர் பட்டறிந்தவர்கள். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரேயொரு அரசகரும மொழியாக்கியது 'ஷல்' என்ற சொல்லினால். 1958இல் வந்த தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமோ வடக்கு, கிழக்கு மாகாண நிர்வாகத்திலே தமிழைப் பாவிப்பதற்கு 'மே' என்ற சொல்லையே தந்தது. அதுவும் ஒழுங்குவிதிகள் குறிக்கும் கருமங்களுக்கு மாத்திரம். அந்த ஒழுங்குவிதிகள் நிறைவேற 1966 ஆயிற்று. தமிழும் அரசகரும மொழி என்பதற்கு ஒரு 'ஷல்' கிடைத்தது 1987இல், 13ஆவது திருத்தத்திலே. இடைப்பட்ட முப்பத்தொரு வருடங்களில் நடந்தவற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை.

இப்படிச் சொற்களிடம் அடிபட்ட சமூகம், வீட்டிலே பிள்ளைகளிடம் எந்தச் சொல்லைப் பாவிக்கிறது?

தமிழிலே 'வேண்டும்' என்ற ஒரு சொல்லே பல வேலைகளைச் செய்கிறது. 'தண்ணீர் வேண்டும்' என்பது விருப்பம். 'வரி கட்டவேண்டும்' என்பது கடமை. 'பிள்ளை சுகமாக இருக்கவேண்டும்' என்பது பிரார்த்தனை. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் நாம் வைப்பதும் வேண்டுதல்தான். இது மொழியின் வறுமை என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. விரும்பாத கடமையும் கடமையில்லாத விருப்பமும் அரைகுறையானவை என்று எம் முன்னோர் எண்ணினார்களோ என்னவோ.

'வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரவேண்டும்' என்று ஓர் அம்மம்மா சொல்லும்போது அதிலே பாதி கட்டளை, பாதி ஆசை. நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் என்பதும் அதற்குள் இருக்கிறது. அதையே தாய் தகப்பன் ஆங்கிலத்தில் 'மஸ்ட்' என்று மாற்றிச் சொல்லும்போது ஆசைப் பாதி வழியிலே கொட்டுண்டு போகிறது. பிள்ளையின் காதிலே விழுவது பாடசாலை விதி போன்ற ஒன்று. 'கட்டாயமோ?' என்று அது திருப்பிக் கேட்கிறது. வாய்காட்டுகிறது என்று பெற்றோர் கோபிக்கிறார்கள். ஆனால் கேட்ட சொல்லுக்கு அது சரியான கேள்விதான்.

இதற்குப் பயந்து வேறு சிலர் 'விருப்பமென்றால் வரலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். பெருந்தன்மை போலத் தோன்றும். பிள்ளைக்கோ, வந்தாலென்ன வராவிட்டாலென்ன என்றே கேட்கும். 'ஷூட்' என்று சொல்பவர் காரணமும் சொல்ல ஆயத்தமாக இருக்கவேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை கேட்காமல் விடாது. 'நீ வருவது எனக்கு ஆசை' என்று நேரே சொல்லத்தான் எமது தலைமுறைக்குக் கூச்சம். கட்டளையிடுவது அதைவிட இலகு.

பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். 'வேண்டும்' என்பதற்கு 'மஸ்ட்' என்று மாத்திரம் கரும்பலகையில் எழுதாமல், பக்கத்திலே 'வான்ட்' என்பதையும் எழுதிவிடுங்கள்.