கடவுள் இல்லாத ஞாயிறு

ஒரே நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு சபையாகக் கூட முடியுமா? முடியும் என்பதற்கு லண்டனின் சவுத் பிளேஸ் சபை சான்று. நரக தண்டனை முடிவற்றது என்பதை ஏற்காத கிறிஸ்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சபை அது. பிறகு படிப்படியாகக் கடவுளையே விட்டுவிட்டு அறநெறிச் சங்கமானது. அங்கே 1887-இல் தொடங்கிய ஞாயிறு அறையிசைக் கச்சேரிகள் பின்னர் கான்வே அரங்குக்கு இடம்பெயர்ந்தும் தொடர்ந்தன. அறையிசையின் ஒரு வகையான நால்வர் தந்தியிசையில் நடத்துநர் கிடையாது. முதல் வயலின்காரர் வில்லை வைக்கும்முன் இழுக்கும் மூச்சுதான் மற்ற மூவருக்கும் சைகை. அந்த மூச்சு கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமானால் அரங்கு சிறிதாக இருக்க வேண்டும். பக்கத்திலிருப்பவர் இருமாமல் இருக்க வேண்டும். ஒருவருக்காக ஒருவர் அடங்கியிருக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் கோயிலும் கற்றுத்தருகிறது.

இத்தகைய கச்சேரி மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு, எங்கே கைதட்டுவது என்று தெரியாதவர் கூசிப்போவார் என்பார்கள். கூச்சம் உண்மைதான், ஆனால் அது பிற்கால வழக்கம் தந்தது, இசை தந்ததல்ல. 1778-இல் பாரிஸ் ரசிகர்கள் மொசார்ட்டின் இசைக்கு நடுவிலேயே கைதட்டினார்கள், அவர் மகிழ்ந்துபோனார். சபை என்றால் நோயில் படுத்தவரைப் போய்ப் பார்க்கவும் வேண்டும், அதற்கு இசை போதுமா என்ற கேள்வி இன்னும் கடினமானது. போதாது. அதற்கு, கச்சேரி முடிந்ததும் புதியவரிடம் பெயர் கேட்கும் ஒருவர் வேண்டும்.