நான்காவது சாட்சி

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையும் பெரும்பாலும் வாணிகம் செய்வோரை நோக்கியே நம் மேடைகளில் விளக்கப்படுகின்றன. நிறை குறைத்து விற்றல், கலப்படம் செய்தல் என்று எடுத்துக்காட்டுகள் தராசுத் தட்டோடு நின்று விடுகின்றன. நிலத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களிலிருந்து ஆசிரியர்களும் வருவாய்த்துறை அலுவலர்களும் பொறியாளர்களும் தோன்றி இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. அரசு நாற்காலியில் அமர்ந்த சிராவகருக்குக் கள்ளாமை என்பது யாது? இதனை ஆராயப் புகுந்த நாம், தொலைவான ஒரு நாட்டிலிருந்து தொடங்குகிறோம்.

சீனத்தில் ஹான் மரபினர் ஆண்ட காலம். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாங் சென் என்னும் அறிஞர் வாழ்ந்தார். பல்லாண்டுகள் மாணாக்கர்க்குக் கல்வி புகட்டி, ஐம்பது வயதையொட்டியே அரசுப் பணியை ஏற்றவர். ஒரு கோட்டத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்கச் செல்லும் வழியில் சாங்யி என்னும் ஊரில் தங்கினார். அவ்வூர் நிருவாகியான வாங் மி என்பவரை முன்னொரு காலத்தில் அரசுப் பணிக்குப் பரிந்துரைத்தவர் இவரே. நன்றி மறவாத வாங் மி, இரவில் தனியே பொன் கொண்டு வந்து நீட்டினார். இன்றைய நிறையில் அது ஏறக்குறைய 2.5 கிலோ. யாங் சென் மறுத்தார். இரவு நேரம், எவரும் அறியப் போவதில்லை என்றார் வந்தவர். வானும் மண்ணும் அறிகின்றன, கொடுக்கும் நீரும் கொள்ளும் நானும் அறிகின்றோம், பின் எவரும் அறியார் என்பது எங்ஙனம் என்பதே அவர் பெற்ற விடையின் கருத்து. வாங் மி நாணித் திரும்பினார்.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. வாங் மி எந்தக் காரியத்தையும் கேட்கவில்லை. அவருடைய கோப்பு எதுவும் யாங் சென்னிடம் நிலுவையில் இல்லை. அது கையூட்டு அன்று, நன்றிக் காணிக்கை என்று வாதிட இடமுண்டு. நம் அலுவலகங்களிலும் தீபாவளிக்கு வரும் இனிப்புப் பெட்டியும், ஆம்பூர்ப் பக்கம் பணிபுரிவோர்க்கு வரும் தோல் பையும் காலணியும் இந்தப் பெயரால்தான் உள்ளே நுழைகின்றன. பகலில் கொடுக்க இயலாத நன்றியை இரவில் கொடுப்பதேன் என்பதொன்றே அவ்வாதத்துக்குப் போதிய விடை. சோங் மரபினர் காலத்து அதிகாரியான பாவ் ஜெங் என்பாரும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். அவர் ஆண்ட துவான்சோ, மை தேய்க்கும் கற்களுக்குப் பேர் பெற்றது. முன்னிருந்தோர் அரசர்க்கு உரிய அளவினும் பன்மடங்கு வாங்கிப் பெரியோர்க்குப் பரிசளித்து வந்தனர். அவரோ உரிய அளவை மட்டுமே செய்வித்து, பணி முடிந்து செல்லுங்கால் ஒரு கல்லும் கொண்டு செல்லவில்லை.

லு நாட்டு அமைச்சர் கோங்யி ஷியூவின் கதை வேறு வகையானது. உவமை நமக்குப் புலால் நாறுவதாயினும் கருத்துக் கருதிக் கூறுகிறோம். அவர் மீன் உண்பதில் விருப்பமுடையவர். ஆயினும் காணிக்கையாக வந்த மீனை மறுத்தார். வாங்கினால் பதவி போகும், பதவி போனால் மீன் வாங்கக் காசிராது என்பது அவர் கணக்கு. இது விவேகமே, ஆனால் விரதம் ஆகாது என்பது நம் கருத்து. பிடிபடமாட்டோம் என்ற உறுதி பிறக்கும் நாளில் இக்கணக்கு மாறிவிடும். யாங் சென் கூறிய நான்கு சாட்சிகளுள் நான்காவது சாட்சி அவ்வாறு மாறுவதன்று.

அந்த நான்காவது சாட்சியிடத்தில்தான் நம் சித்தாந்தம் சீனரினும் ஒருபடி மேலே செல்கிறது எனலாம். தண்டிக்கும் வானத்தை நாம் கொள்வதில்லை. கேவல ஞானியர் அனைத்தையும் அறிவர். ஆயினும் அவர் பரிசளிப்பவரும் அல்லர், ஒறுப்பவரும் அல்லர். பொன்னின்மேல் விருப்பம் எழுந்த கணத்திலேயே வினை ஊற்றாகப் பாய்ந்து உயிரைக் கட்டுகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாலும், மனம் மொழி மெய் என்னும் மூன்றாலும் அது நிகழும். உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமைக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறும்போது, எடையையும் கலப்படத்தையும் சொல்வதற்கு முன்னரே, களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை ஏற்றல், அரசு விதியை மீறுதல் என்பவற்றைச் சொல்லி விடுகிறார். தராசைத் தொடாத அலுவலர் முதலில் நிற்க வேண்டிய இடம் இதுவே.

இனி நம் பாலாற்றுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிடுகிறது. அகிம்சை நோக்கில் நமக்கு உடன்பாடற்ற தொழில்தான். எனினும் தோல் செருப்பணிந்து கொண்டே அங்குள்ள தொழிலாளியைக் குறை கூறுவது நமக்கு அழகன்று. குரோமியம் கொண்டு பதனிடும் முறையில் ஏறக்குறைய 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. பல்லாண்டுகள் அக்கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே வெளியேறிற்று. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஆற்றங்கரையில் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28இல் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயனற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது.

அதன் வழி அமைந்த ஆணையம் 2001இல் 547 ஆலைகளைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு வரையறுத்தது. சராசரி காண்பின் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாயும் வாராத தொகை. 2025 சனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று: எஞ்சிய இழப்பீட்டை மாநில அரசு முதலில் வழங்கிப் பின் ஆலைகளிடம் வசூலித்துக் கொள்க என்று. வழக்குத் தொடுத்த ஆண்டிலிருந்து எண்ணினால் 34 ஆண்டுகள்.

இடையில் 2020 அக்டோபரில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலூர் மண்டல உயரலுவலர் ஒருவர் தொடர்பான இடங்களில் இலஞ்ச ஒழிப்புத் துறையினர் சோதனையிட்டு, மூன்று கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ரொக்கத்தைக் கைப்பற்றினர் என்பது நாளேடுகள் அனைத்திலும் வந்த செய்தி. குற்றம் மெய்யா என்று கூறுவது நீதிமன்றத்தின் பணி. நாம் பெயர் குறிக்கவில்லை. அச்செய்தியைப் படித்த நம்மிற் பலர் பெருமூச்சு விட்டு, நல்ல வேளை, நம் கை சுத்தம் என்று எண்ணியிருக்கக் கூடும்.

சுத்தமான கை மட்டும் போதுமா என்பதே நம் ஐயம். அந்த 34 ஆண்டுகளில் அக்கோப்புகள் கடந்து சென்ற மேசைகளுள் காசு வாங்காதோர் மேசைகளும் இருந்திருக்கும். அவர்கள் எதையும் திருடவில்லை. மேலதிகாரி மனம் கோணாதிருக்க ஒரு குறிப்பை எழுதாமல் விட்டிருக்கலாம்; ஓய்வு பெறும் வரை தள்ளிப் போட்டிருக்கலாம்; மாறுதலுக்கு அஞ்சிக் கண்மூடியிருக்கலாம். கிணறு கெட்ட உழவருக்கு இதுவும் களவேயன்றி வேறன்று. வாங்கியவன் செய்தான், வாங்காமல் பார்த்திருந்தவன் உடன்பட்டான் என்றே நம் வினைக் கோட்பாடு கூறும். வினையின் அளவில் இருவர்க்கும் வேற்றுமை உண்டு என்பதை மறுக்கவில்லை. விருப்பத்தின் கடுமைக்கேற்பக் கட்டும் கடுமையாகும். ஆனால் கட்டே இல்லை என்று கூற நூலில் இடமில்லை. அஞ்சி வாழும் கீழ்நிலை எழுத்தரை மேலதிகாரியோடு ஒரே தட்டில் வைப்பது நீதியா என்று கேட்போர் உளர். பிள்ளை குட்டிக்காரர் ஒருவர் தனியாக எதிர்த்து நின்று என்ன செய்வார் என்பது வெறும் சாக்கு அன்று, மெய்யான இடர். நாம் அவரிடம் வீரத்தைக் கேட்கவில்லை. உண்மைக் குறிப்பைத் தேதியிட்டுக் கோப்பில் எழுதுவதையே கேட்கிறோம். அதுவும் சில இடங்களில் வீரமாகிவிட்டது என்பது உண்மைதான்.

யாங் சென்னுக்கும் இவ்விடர் வந்தது. பிற்காலத்தில் உயர்பதவி அடைந்து, அரண்மனையில் செல்வாக்குற்றிருந்தோரின் முறைகேடுகளைப் பேரரசருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கி.பி. 124இல் பழி சுமத்தப்பட்டுப் பதவி இழந்து நஞ்சுண்டு மாண்டார். அவர் பிள்ளைகள் மரக்கறி உண்டு, வண்டியின்றி நடந்தே திரிந்தனர் என்று வரலாறு குறிக்கிறது. கொல்லாமை கருதியன்று, எளிய வாழ்வினால். ஆகவே அவரை நம்மவராக்கிக் கொள்ள விரைய வேண்டாம். பிள்ளைகளுக்குச் சிறிது சொத்துச் சேர்த்து வைக்கலாகாதா என்று நண்பர்கள் கேட்டபோது, நேர்மையான அலுவலரின் மக்கள் என்னும் பெயரையே அவர்களுக்கு விட்டுச் செல்வதாக விடை கூறினாராம்.

அப்பெயருக்கு நம் வீடுகளில் இன்று என்ன மதிப்பு என்று எண்ணிப் பார்க்கிறோம். மாப்பிள்ளை அரசு வேலை என்றவுடன், சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கிம்பளமும் உண்டா என்று வினவும் பெரியவர்கள் நம்மிடையிலும் இருக்கிறார்கள். காலையில் சினாலயத்தில் பூசை செய்துவிட்டு வந்தவர்களே மாலையில் அவ்வாறு கேட்கிறார்கள். வரப்போகும் மருமகன் நாளை எந்த மேசையில் அமர்ந்தாலும், அவ்வினாவை அவர் கேட்டிருப்பார்.