முழங்கால் யாருடையது?

திசைகாட்டியோடு காட்டில் நிலைகளைத் தேடி ஓடும் விளையாட்டான ஓரியன்டீரிங்கின் வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் உண்டு. ஓடக்கூடிய காடு வெள்ளை. நுழைய முடியாத அடர்த்தி கரும்பச்சை. திறந்த வெளி மஞ்சள், நீரும் சதுப்பும் நீலம், பாறையும் செங்குத்தும் கறுப்பு, மேடுபள்ளம் சொல்லும் கோடுகள் மண்ணிறம். அதன்மேல் ஊதாவில் அன்றைய ஓட்டம்: முக்கோணத்தில் தொடக்கம், வட்டங்களில் ஒவ்வொரு நிலை, இரட்டை வட்டத்தில் முடிவு. ஆளுயரப் பாறை ஒன்று தனியாகக் கிடந்தாலும் அந்தத் தாளில் ஒரு புள்ளியாக இருக்கும். என் வலது முழங்கால் மட்டும் இருக்காது. ஆனால் எந்த வழியால் போவது என்று முடிவெடுக்கும்போது சதுப்பையும் சரிவையும் எண்ணுவதுபோலவே அதையும் எண்ணுகிறேன். அப்படியென்றால் அது நிலத்தோடு சேர்ந்ததா, என்னோடு சேர்ந்ததா?

கோண்டாவிலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் ஒரு பாடம். தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கையும் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். உயிர் தன் மலம் நீங்குவதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கிக் கொடுத்தவை அவை: உடம்பு, மனம் முதலிய கருவிகள், உலகம், நுகரும் அனுபவம். உடம்பும் உலகமும் ஒரே பட்டியலில் இருப்பதை அந்த வயதில் நான் கவனிக்கவில்லை. சைவசித்தாந்தத்தின் கணக்கில் முழங்காலும் சதுப்பும் ஒரு பக்கம், உயிர் மறுபக்கம். இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது: நோவது நானல்ல, எனக்குத் தரப்பட்ட ஒன்று. ஆறுதலாக இருப்பதாலேயே இதைக் கொஞ்சம் சந்தேகிக்கவும் வேண்டும். தரப்பட்ட பொருளைத் தேயும்வரை பாவிக்கலாம், அல்லது பெட்டியில் பூட்டி வைக்கலாம். நொந்த முழங்காலோடு போட்டிக்குப் போகலாமா என்று யாரிடம் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

நான் இந்த விளையாட்டுக்கு வந்தது டுக்னாட்டால். நோர்வேயில் பிள்ளையை ஒரு விளையாட்டுக் கழகத்தில் சேர்த்தால் பெற்றோர் கூலியில்லாமல் வேலை செய்யவேண்டும். அதற்குத்தான் அந்தப் பெயர், எங்கள் சிரமதானம்தான். மகள் ஓடினாள், நான் காட்டோரத்தில் வாஃபிள் சுட்டு விற்றேன். சும்மாதானே நிற்கிறாய் என்று ஒருநாள் ஒருத்தி என் கையில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் திணித்தாள். மகள் பிறகு விட்டுவிட்டாள், நான் விடவில்லை. இப்போது டி 50 பிரிவில் ஓடுகிறேன். டி என்றால் பெண்கள், ஐம்பது என்பது வயது. எண்பது கடந்தவர்களுக்கும் தனிப் பிரிவு வைக்கிற விளையாட்டு இது. முதல் பொதுப்போட்டி 1897 ஒக்டோபர் 31இல் இந்த ஒஸ்லோவுக்குப் பக்கத்தில்தான் நடந்தது. அப்போது நகரத்தின் பெயர் கிறிஸ்தியானியா. இதைச் சுவீடன்காரரிடம் சொன்னால் அவர்கள் உடனே 1919ஐயும் மேஜர் ஏர்ன்ஸ்ட் கில்லாண்டரையும் கொண்டுவருவார்கள். அந்தச் சண்டை தீராது.

இரண்டு நிலைகளுக்கு நடுவே வழி என்று எதுவும் போட்டிருக்காது. நடுவில் மலை இருந்தால் ஏறி இறங்கலாம், அல்லது வண்டிப்பாதையைப் பிடித்துச் சுற்றிப் போகலாம். முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் நான் ஏற்றத்தைப் பார்த்து வழி தேர்ந்தேன். இப்போது இறக்கத்தைப் பார்க்கிறேன். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும்; ஈரப்பாறையிலும் ஸ்புரூஸ் மர வேரிலும் கால் வைத்து இறங்கும்போது முழு உடம்பும் அந்த ஒரு மூட்டில் வந்து நிற்கும்.

மூட்டின் உள்பக்கத்தில் மெனிஸ்கஸ் என்ற பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது. விழுந்து கிழிந்ததல்ல, வயதில் தேய்ந்து பிரிந்தது. வெட்டிவிடுவார்கள் என்று நினைத்துப் போனேன், வெட்டமாட்டோம் என்றார்கள். 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் பின்லாந்து மருத்துவர்கள் என்னைப் போன்ற 146 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான சத்திரசிகிச்சை. மற்றவர்களுக்குப் பாவனைச் சத்திரசிகிச்சை: துளை போட்டு உள்ளே பார்த்தார்கள், சத்தமும் அசைவும் காட்டினார்கள், கிழிந்ததைத் தொடவில்லை. ஒரு வருடம் கழித்து இரு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம். 2016இல் நோர்வேயில் 140 பேரை வைத்து, பன்னிரண்டு வாரப் பயிற்சியையும் சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருட முடிவில் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. கிழிசல் இருந்தும் நோவே அறியாமல் நடமாடுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஆகவே ஸ்கானில் தெரிகிற கிழிசலைக் காட்டி இதுதான் என் நோ என்று சொல்லவும் முடியாது. உடம்பு மாயையின் காரியம் என்று எங்கள் சைவசமய ஆசிரியர் சொன்னது இதைவிடத் தெளிவாக இருந்தது.

இயன்மருத்துவர் ஒரு அளவுகோல் தந்தார். பூச்சியத்திலிருந்து பத்துவரை நோவுக்கு எண் கொடு. ஐந்துவரை போகலாம். ஆனால் மறுநாள் காலை கட்டிலால் இறங்கும்போது அது பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால், வீக்கம் வைத்தால், நேற்றுச் செய்தது கூடிப்போயிற்று. அவருடைய கணக்கில் நோவுக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கோயிலில் எண்பது தாண்டிய மாமா ஒருவர் இருக்கிறார். அவருடைய கணக்கு வேறு. “பிள்ளை, அது உன்ர பிராரத்தம். அனுபவிச்சுத்தான் தீர்க்கவேணும்” என்றார்.

“அப்ப ஓடலாமோ மாமா?”

“ஓடாதை. வீட்டில இருந்து அனுபவி.”

அவர் நீரிழிவுக் குளிசையை நேரம் தவறாமல் போடுகிறவர். அதைப் பிராரத்தத்தில் சேர்ப்பதில்லை.

கழகத்துப் பெண்கள் மறுபக்கம். நோகத்தான் செய்யும், ஓடு என்பார்கள். இது எனக்கு அந்நியமான பேச்சு அல்ல. நல்லூரில் ஆண்கள் கொதிக்கும் மணலில் பிரதட்டை பண்ண, பெண்கள் பின்னால் அடியழித்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அலகு குத்தி, முதுகில் செடில் போட்டுக் காவடி எடுப்பவரை நாங்கள் பரிதாபத்தோடு பார்ப்பதில்லை. நோவைத் தாங்குவது எங்களிடம் ஒரு மரியாதை. அந்த மரியாதையை ஒரு விளையாட்டுக்குள் கொண்டுவந்து, நாலாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவதைத் தவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது மிகவும் சுலபம்.

ஆனால் வள்ளுவர் தவத்துக்கு வடிவம் சொல்லும்போது இரண்டு உறுப்பு வைக்கிறார். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது ஒன்று, பிற உயிருக்குத் துன்பம் செய்யாமலிருப்பது மற்றது. முதல் பாதியை எல்லாரும் பிடித்துக்கொள்கிறோம். இரண்டாவதைப் புலால் உண்ணாமையோடு சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் ஏன் சொன்னார்? நான் பொறுக்கிற பொறுமைக்கே இன்னொருவர் விலை கொடுக்க நேரலாம் என்பதால்தான் என்று எனக்குப் படுகிறது. உரையாசிரியர்கள் இப்படிச் சொல்லவில்லை. எனக்கு இதைக் காட்டியது லில்லோமார்க்காக் காடு.

அங்கே ஒரு போட்டியில் இறக்கத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. புளூபெரிச் செடிக்குள் இருந்துவிட்டேன். பின்னால் வந்த பெண் என் பிரிவுக்காரி, என்னோடு போட்டி போடுகிறவள். நின்றாள். ஒன்றுமில்லை, நீ போ என்றேன். போகவில்லை. நான் எழும்பி, அந்தக் காலில் பாரம் வைத்து, நாலு அடி நடக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் ஓடினாள். நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை. இந்த விளையாட்டில் அடிபட்டவருக்கு உதவுவது பெருந்தன்மை அல்ல, விதி. ஓட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லக்கூடாது, இன்னொருவரின் திறமையில் தொற்றிக்கொண்டு பின்னால் ஓடக்கூடாது, காட்டில் சத்தம் போடாமல் போகவேண்டும். இத்தனை தனிமையைக் கட்டளையிடுகிற அதே விதிப்புத்தகம், அடிபட்டவரைக் கண்டால் போட்டியை மறந்து நில் என்கிறது.

2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் நடந்த உலகப் போட்டியின் ஆண்கள் அஞ்சலோட்டத்தைப் பற்றிக் கழகத்துப் பழையவர்கள் இன்றும் கதைப்பார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த சுவீடனின் மார்ட்டின் ஜோஹான்சனின் தொடையில் ஒரு தடி ஆழமாக ஏறிவிட்டது. பன்னிரண்டு சென்ரிமீற்றர் என்பார்கள். அவருடன் பதக்கத்துக்கு மோதிக்கொண்டிருந்த பிரான்சின் தியரி ஜோர்ஜியூ, செக் நாட்டின் மிகால் ஸ்மோலா, எங்கள் நோர்வேயின் அண்டர்ஸ் நூர்பெர்க் மூவரும் ஓட்டத்தை விட்டு அவரைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர நின்றார்கள். அஞ்சலோட்டம் என்பதால் அவர்கள் விட்டது தங்கள் பதக்கத்தை மட்டுமல்ல. அதற்கு முன் ஓடிய தோழர்களுடையதையும் சேர்த்துத்தான். தங்கம் சுவிற்சர்லாந்துக்குப் போனது. சுவிஸ்காரரிடமும் குறையில்லை, அவர்கள் அந்த இடத்தில் இருக்கவில்லை.

ஜோஹான்சன் செய்ததில் பிழை எதுவும் இல்லை. தடி யாரையும் கேட்டு வருவதில்லை. ஆனால் நான் பழுதான முழங்காலைத் தெரிந்துகொண்டே காட்டுக்குள் கொண்டுபோகிறவள். நான் விழுந்தால் நிற்கவேண்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் நிற்கத்தான் வேண்டும் என்பது தெரியும். என் வேலையும் அப்படி. முதியோர் இல்லத்தில் ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும். நான் நோய்விடுப்பு எடுத்தால் முதல் 16 நாள் சம்பளம் வேலை தருபவர் கொடுப்பார், அதற்குப் பிறகு அரசு கொடுக்கும். பணக்கணக்கு அவ்வளவுதான். தூக்குகிற கணக்கு என் சக ஊழியரின் இடுப்பில் எழுதப்படும்.

அப்படியானால் வீட்டில் இரு என்று மாமா சொன்னதுதான் சரியா? இங்கேதான் எனக்கு நீண்ட நாள் சிக்கியது. ஏனென்றால், யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் என்ன செய்யும் என்பதை நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். இரவில் கழிப்பறைக்குப் போக மணியை அடிக்கமாட்டார்கள். பாவம் அந்தப் பிள்ளைகள், ஓடித் திரிகிறார்கள் என்று தாங்களே மெல்ல எழும்புவார்கள். விழுவார்கள். இடுப்பெலும்பு முறியும். மணியை அடித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பிறருக்குத் துன்பம் செய்யாமை என்பதை இப்படி எடுத்தால், அது கடைசியில் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பதில்தான் போய் முடியும். கிடந்தாலும் ஒருவர் புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். யாருக்கும் பாரமில்லாத உடம்பு என்று ஒன்று பிறந்ததே இல்லை.

மறுபடி அந்த நான்குக்கு வருகிறேன். தனு ஆளுக்கு ஒன்று. புவனம் எல்லாருக்கும் ஒன்று. நான் விழுந்தவுடன் என் முழங்கால் பின்னால் வருபவளின் புவனத்தில் ஒரு பொருளாகிவிடுகிறது, பாறையைப் போல, சதுப்பைப் போல. அவள் அதைக் கணக்கில் எடுத்து வழியை மாற்றவேண்டும். எனக்குத் தனு, அவளுக்குப் புவனம். சித்தாந்தப் பண்டிதர்கள் இந்த விளக்கத்துக்குக் கோபிக்கலாம். ஆனால் உடம்பு எனக்குத் தரப்பட்டது, நான் விரும்பியபடி வதைப்பேன் அல்லது பூட்டிவைப்பேன் என்ற பேச்சு இதற்குப் பிறகு நிற்காது.

நல்லூரில் செடில் காவடி ஆடுகிறவரை மட்டும் பார்த்தால் போதாது. அவர் முதுகில் மாட்டிய முட்களிலிருந்து வரும் கயிற்றைப் பின்னால் ஒருவர் பிடித்திருப்பார். ஆடுகிறவர் முன்னே பாயும்போது இவர் இழுத்துக் கொடுக்கவேண்டும், தளரும்போது விடவேண்டும். நேர்த்தி கயிறு பிடிப்பவருடையதல்ல. ஆனால் தான் என்ன பிடித்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்; அவரைக் கேட்டுத்தான் கயிறு கொடுத்தார்கள். பாரம் கொடுப்பதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. கேட்காமல், சொல்லாமல் கொடுப்பதில்தான் ஆட்சேபணை.

ஆகவே ஓடுகிறேன். தொடக்கத்தில் நிற்கும் கழகத்தவரிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். விசில் கழுத்தில் இருக்கும். இறக்கம் செங்குத்தாக இருந்தால் வண்டிப்பாதையால் சுற்றுகிறேன். அதனால் பட்டியலில் கீழே போகிறேன், போகட்டும். நோவின் எண் ஆறாகிவிட்டால் ஓட்டத்தை விடுகிறேன்.

விடுவதற்கும் இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. பாதியில் விட்டவரும் நேரே வீட்டுக்குப் போகக்கூடாது. முடிவிடத்துக்குப் போய் வந்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். சொல்லாமல் போனால், நீங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஊதியமில்லாத நாலு பேர் தலைவிளக்கோடு உங்களைக் காட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். நோகிற முழங்காலோடு காட்டுக்குப் போகிற யாராவது இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன்: தொடங்குமுன் ஒருவரிடம் சொல்லுங்கள், விட்டாலும் போய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.