பெயர் சூட்டலும் பெற்றோர் கடனும்

குழந்தை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழித்து, ஆலயம் சென்று அருச்சனை செய்து, பெயர் சொல்லி அழைப்பது எம்மவர் வழக்கம். அப்பெயர் ஆயுள் முழுவதும் பிள்ளையுடன் வருவது. ஆனால் அதனைச் சுமப்பவருக்கு அதனைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. ஆகவே பெயர் சூட்டுதல் பெற்றோரின் உரிமையா, கடனா என்பது சிந்திக்கத் தக்கதாகும்.

எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கின்றது. ஆயினும் பிறருடைய குடும்பப் பெயர்களை எம் பிள்ளைகளுக்கு இயற்பெயராகச் சூட்டியிருக்கின்றோம். காந்தி, நேரு, போஸ், தாகூர் என்பன அத்தகையன. காந்தி என்பது குஜராத்தில் பலசரக்கு வணிகத்தோடு தொடர்புடைய குடும்பப் பெயர். நேரு என்பது வாய்க்காலைக் குறிக்கும் 'நஹர்' என்னும் சொல்லின் அடியாக வந்தது; டில்லியில் வாய்க்கால் ஓரமாகக் குடியிருந்தமையால் அக்குடும்பத்திற்கு ஏற்பட்டது. எம் முன்னோர் இச்சொற்களின் பொருளை நோக்கவில்லை. அப்பெயர் தாங்கியோர் வாழ்ந்த வாழ்க்கையையே நோக்கினர்.

இதில் ஓர் இடருமுண்டு. ஸ்டாலின் என்பது ஜுகாஷ்விலி என்னும் குடும்பத்தில் பிறந்தவர் தாமாகப் புனைந்துகொண்ட பெயர். தமிழர் பலரும் அதனை விரும்பிச் சூட்டினர். 1953இல் அவர் மறைந்தார். 1956இல் அவருடைய கட்சித் தலைவர் குருஷேவே அவரது கொடுமைகளை எடுத்துரைத்தார். ஒருவரின் புகழ் மாறலாம். பிள்ளையின் பெயரோ மாறாது. பெரியார் ஒருவரின் பெயரைச் சூட்டிவிட்டு, "அவரைப் போல் வா" என்று பிள்ளையை நெருக்குவதும் முறையன்று.

அங்ஙனமாயின் பெரியோர் பெயரைச் சூட்டலாகாதா? இதற்குப் பெரியபுராணம் விடை தருகின்றது. திங்களூர் அப்பூதி அடிகள், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைத் தம் புதல்வர் அனைவருக்கும் சூட்டினார். அதுவும் பெற்றோர் இட்ட பெயரன்று. மருணீக்கியாருக்கு இறைவன் அருளிய பட்டம். அடிகள் பிள்ளைகளுக்குப் பெயரிட்டதோடு அமைந்துவிடவில்லை. அதே பெயரால் தண்ணீர்ப் பந்தர் அமைத்து வழிப்போக்கரின் தாகந் தீர்த்தார். நாவுக்கரசரே அங்கு வந்து, உம் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று வினவியபோது, வந்தவர் யாரென்று அறியாது சினந்தார். பெயரின் பெருமையைக் காக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் மேற் சுமத்தாது தாமே ஏற்றார் என்பதே இதிலுள்ள நீதியாகும்.

இன்று "ஒருவருக்கும் இல்லாத பெயர்" வேண்டுமென்று பலர் தேடுகின்றனர். எண்சாத்திரத்திற்கு அமைய எழுத்துக்களைக் கூட்டிக் குறைத்துப் பொருளற்ற ஒலியைப் பெயராக்குவோரும் உளர். அரிதாயிருத்தல் குற்றமன்று. ஆனால், "என் பெயருக்கு என்ன கருத்து?" என்று பிள்ளை ஒருநாள் கேட்கும்போது சொல்ல ஒரு விடை வேண்டும். புலம்பெயர்ந்த நாடுகளிலே தந்தையின் பெயர் குடும்பப் பெயராகப் பதியப்பட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் தொடர்கின்றது. எனவே இன்று நாம் சூட்டும் பெயர் நாளை ஒரு பரம்பரையின் பெயராகவும் ஆகலாம்.

பெயர் என்பது பிள்ளைக்கு இடும் கட்டளையன்று. பெற்றோர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் சங்கற்பம். நற்பெயர் சூட்டுவோர் அப்பெயருக்கேற்ற நற்செயலொன்றைத் தம் இல்லத்தில் தாமே தொடங்குவாராக. அதற்கு எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.