ஸ்பேனரா, ஆக்ஸா பிளேடா?

நண்பர் வீட்டில் பஞ்சாயத்து. தாத்தாவின் பழைய புல்லட்டை 'கஃபே ரேஸர்' ஆக்கணும் என்கிறான் மகன். "எங்கப்பா ஞாபகமா இருக்கிற வண்டி. தொடாதே!" என்கிறார் நண்பர்.

1950, 60-களில் லண்டன் ஏஸ் கஃபே வாசலில் கூடிய இளைஞர்களின் வித்தை இது. ரேஸ் பைக் வாங்கக் காசு கிடையாது. கைவசம் இருந்த வண்டியின் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, வேண்டாத எடையைக் கழற்றி, ஒற்றை சீட் மாட்டி, மணிக்கு 100 மைல் வேகத்துக்கு ஆசைப்பட்டார்கள்.

தாத்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. பால் கேனுக்காக கேரியர் மாட்டியவர். தன் தேவைக்கு அவர் மாற்றலாம், பேரன் மாற்றக் கூடாதா?

ஆனால் ஒன்று. ஹேண்டில்பாரைக் கழற்றினால் பரணில் போட்டு வைக்கலாம். நாளைக்கே திரும்ப மாட்டலாம். ஒற்றை சீட்டுக்காக ஃப்ரேமின் பின்பக்கத்தை அறுத்துவிட்டால்? நண்பர் சின்ன வயதில் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடமே இருக்காது.

நான் பி.காம். பரம்பரைச் சொத்தில் வட்டியை அனுபவிக்கலாம். முதல் மேல் கை வைக்கக் கூடாது. நமக்கு அப்புறம் வருகிறவனுக்கும் ஓர் ஆசை இருக்குமே!

"ஸ்பேனரை எடு தம்பி. ஆக்ஸா பிளேடைக் கீழே வை" என்றேன்.

நண்பர் முறைத்தார். பையன் முனகினான். அப்படியென்றால் தீர்ப்பு சரியாகத்தான் இருக்கணும்!