இழப்பீட்டில் வக்கீலுக்குப் பங்கு உண்டா?

சாலை விபத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் வக்கீல் ஒருவர் சொல்கிறார்: “இப்போது ஒரு பைசாவும் தர வேண்டாம். பணம் வந்ததும் நூற்றுக்கு இருபது கொடுத்தால் போதும்.” கையில் காசில்லாத வீட்டுக்கு இது பெரிய உதவியாகத்தான் தெரியும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். அதுவரை நகல் எடுப்பதும் சாட்சிக்கு அலைவதும் அவர் பொறுப்பு. தோற்றால் அவருக்கும் ஒன்றுமில்லை. அப்படியிருக்க, அந்த இருபதில் என்ன குற்றம்?

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு சட்டப்படியே நடக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கேட்பது அங்கே சாதாரணம். இந்திய பார் கவுன்சில் விதிகளோ, வெற்றியை ஒட்டிக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடுக்கின்றன. தடை இருந்தும் பழக்கம் ஒழியவில்லை. தெலங்கானாவில் கணவனை விபத்தில் இழந்த ஒரு பெண்மீது, இழப்பீட்டு வழக்கை நடத்திய வக்கீலே காசோலை மோசடி வழக்குத் தொடுத்தார். கட்டணத்துக்காக வாங்கிய காசோலை அது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்து, இழப்பீட்டில் விழுக்காடு கேட்பது தொழில் நெறிக்கும் பொதுநலனுக்கும் விரோதம் என்றது.

தடைக்கான நியாயம் விதிப்புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக இழப்பீட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த, 38 வயதுக் கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் 2,52,000. அவர் தமக்கென்று செலவழித்திருக்கக்கூடிய மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கெண் 15, ஆக 25,20,000. அவர் இருந்திருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் அரிசியும் பள்ளிக் கட்டணமும்தான் இந்தத் தொகை. இறுதிச்சடங்குக்குத் தனியே ஒரு தொகை உண்டு. வக்கீலின் பங்குக்கு எந்தத் தலைப்பும் கிடையாது. நூற்றுக்கு இருபது என்றால் 5,04,000. அந்தக் குடும்பத்தின் மூன்றாண்டுப் பிழைப்பு அது.

உழைப்புக்கேற்ற கூலி என்றும் இதைச் சொல்ல முடியாது. அதே விபத்தில் பொறியாளர் ஒருவர் இறந்திருந்தால், ஏறக்குறைய அதே மனு, அதே எஃப்.ஐ.ஆர்., அதே குறுக்கு விசாரணை. பங்கு மட்டும் பல மடங்கு. செத்தவர் சம்பளத்தைப் பார்த்து வக்கீலுக்குக் கூலி நிர்ணயமாவது எந்த அளவுகோலிலும் முறையாகாது.

அந்தப் பெண் தானாகத்தானே சம்மதித்தாள் என்பார்கள். உடல் இன்னும் பிணவறையில் கிடக்கும்போது, வக்கீலுக்காக ஆள் பிடிக்கும் புரோக்கர் நீட்டிய வக்காலத்தில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்வது கடினம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 2022 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், விபத்து அறிக்கையை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் கடமையைப் போலீசிடமே கொடுத்திருக்கின்றன. இவற்றை அறிந்தும் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதை, விழுக்காடு கேட்பதைவிடப் பெரிய தவறாகவே கருத வேண்டும்.

ஆனால் தடையை மட்டும் வைத்துக்கொண்டு அறம் பேசவும் முடியாது. சட்ட உதவியில் அமர்த்தப்படும் வக்கீலுக்கு உருப்படியான கட்டணம் இல்லாவிட்டால், திறமையானவர்கள் வெளியிலேயே நிற்பார்கள். நேர்மையாக உழைத்து, சொந்தக் காசைப் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வக்கீலுக்கும் வீடு உண்டு. அவர் கூலியை யாராவது கொடுத்தே ஆகவேண்டும். அது விதவையின் பங்கிலிருந்து போக வேண்டியதில்லை. வழக்குச் செலவையும் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பு தரவேண்டும் என்று தீர்ப்பாயங்கள் இப்போதும் உத்தரவிடுவதுண்டு. செய்த வேலைக்கு ஈடாக அந்தக் கட்டணத்தை உயர்த்தி, இழப்பீட்டுக்கு மேலாக இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து நேரே வக்கீல் கணக்குக்குப் போகச் செய்தால், முன்கூட்டியே காசோலையில் கையெழுத்து வாங்க எந்தக் காரணமும் இருக்காது.